முதலில் விழித்தெழுபவர்



இத்திங்கள் வேறொரு பொருளைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். மயூர் விகாரிலிருந்து சகோதரியார் ஒருவர் எழுதிய கடிதம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அவருடைய இசைவைப் பெற்று, பெயரை விடுத்து, கடிதத்தின் ஒரு பகுதியை இங்கே தருகின்றேன்.

“ஐயா, எங்கள் வீட்டுக் கணிப்பொறி மூன்று நாள்களாகக் கறுப்புத் திரையோடு நிற்கிறது. சில வெள்ளை எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் ‘இனிட்டை மாற்றினேன்’ என்கிறான். அஃது என்னவென்று எனக்குத் தெரியாது. என் மாமனார் கும்பகோணத்திலிருந்து என் கணவருக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் அவனே படமெடுத்து அந்தப் பொறியில்தான் வைத்திருந்தான். மூலக் கடிதங்கள் சென்ற ஆண்டு வீடு மாறியபோது மழையில் நனைந்து கூழாகிவிட்டன. தந்தை மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பொறி சீராகாவிட்டாலும் போகட்டும். கடிதங்கள் போய்விட்டனவா என்பதை மட்டும் சொல்லுங்கள்.”

இதற்குக் கடிதத்தில் விடை எழுதிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்ரோ வண்டியேறி நேரே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

கதவைத் திறந்தவன் அந்தப் பையன்தான். “வாருங்கள், மாமா” என்றான். குரலில் உயிரில்லை. தந்தையார் உள்ளறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை.

“தம்பி, வன்தட்டை அழித்தாயா? அதன் பகுதிகளைப் பிரித்து அமைத்தாயா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. இனிட் பொதியை மட்டுந்தான் மாற்றினேன்.”

“அப்படியானால் தாத்தாவின் கடிதங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும்” என்றேன்.

சமையலறை வாயிலில் நின்றிருந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு உறுதியாக நான் எவ்வாறு சொன்னேன் என்பதை விளக்க வேண்டுமானால், இனிட் என்பது யாது என்பதை முதலில் விளக்க வேண்டும்.

எண் ஒன்று

நம் வீடுகளில் பலவற்றில் இன்று லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருக்கின்றது. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கிய பணி அது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம்; பிரித்துப் பார்க்கலாம்; மாற்றியும் அமைக்கலாம். இந்த உரிமைதான் அதன் சிறப்பு. அந்தப் பையனுக்கு ஆசையூட்டியதும் இந்த உரிமையே.

பொறியின் விசையை அழுத்தியதும் முதலில் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் விழிக்கிறது. அது கிரப் போன்ற ஏற்றும் நிரலை எழுப்புகிறது. ஏற்றும் நிரல் லினக்ஸின் கருவாகிய கெர்னலை நினைவகத்திற்குக் கொண்டுவருகிறது. கெர்னல் நினைவகம், வன்தட்டு முதலியவற்றைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த பின், இனிட் என்னும் பெயருடைய ஒரு நிரலைத் தேடி இயக்குகிறது. இயங்கும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஓர் எண் கொடுக்கும். இனிட் பெறுவது எண் ஒன்று. அதன் பிறகு நாம் காணும் திரை, கேட்கும் ஒலி, வலைத்தொடர்பு, அச்சுப்பொறி ஆகிய எல்லாவற்றையும் ஆளும் நிரல்கள் அதன் பிள்ளைகளாகவோ பேரப்பிள்ளைகளாகவோ பிறக்கின்றன.

கலியாண வீட்டில் விடியற்காலையில் முதலில் எழும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் சமையற்காரரை எழுப்புகிறார். வெந்நீர் அடுப்பை மூட்டச் சொல்கிறார். நாயனக்காரருக்கு ஆள் அனுப்புகிறார். பூக்காரர் வந்தாரா என்று பார்க்கிறார். இரவில் எல்லோரும் படுத்த பின் விளக்கை அணைத்துக் கதவைத் தாழிடுபவரும் அவரே. கணிப்பொறியை நிறுத்தும்போது ஒவ்வொரு நிரலையும் ஒழுங்காக ஓய்வுபெறச் செய்வது இனிட்டின் கடமை. பெற்ற நிரல் முடிந்துபோக, பிள்ளை நிரல் தனித்து நின்றால், வழக்கமாக அதனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதும் எண் ஒன்றே. அந்த எண் ஒன்று இடையில் இறந்துபோனால் கெர்னல் மேற்கொண்டு இயங்க மறுத்து நின்றுவிடும்.

ஆனால் பெரியவர் கலியாண வீட்டின் நகைப்பெட்டி ஆகமாட்டார். அவர் மாறினால் காலை அலுவல்கள் குழம்பலாம். பெட்டியிலுள்ள நகை எங்கும் போய்விடாது. நம் கோப்புகள் வன்தட்டில் நம் பெயருடைய அடைவில் இருக்கின்றன. இனிட்டை மாற்றும்போது அந்த அடைவை எவரும் தொடுவதில்லை. ஆதலால்தான் அந்த வீட்டில் அவ்வாறு உறுதி கூறினேன்.

பழையவரும் புதியவரும்

இனிட்டை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் ஒரு மாணவனுக்கு ஏன் தோன்றுகிறது? இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

லினக்ஸுக்கு மூத்ததாகிய யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. அதன் ஒரு கிளையாகிய சிஸ்டம் ஃபைவ் 1983-இல் வெளிவந்தது. அதன் இனிட் முறையைப் பின்பற்றி லினக்ஸுக்காக மிகெல் வான் ஸ்மூரன்பர்க் எழுதிய நிரலே சிஸ்வி-இனிட் எனப்படுகிறது. நெடுங்காலம் லினக்ஸ் வகைகள் பலவற்றில் எண் ஒன்றாக வீற்றிருந்தது அதுவே. அதன் முறை எளியது. எதனை எப்போது எழுப்புவது என்று சிறுசிறு ஏவற்குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு குறிப்பின் பெயர் முன்னும் ஓர் எண் இருக்கும். எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அவை நிறைவேற்றப்படும். 0 முதல் 6 வரை இயங்குநிலைகள் உண்டு. 0 என்றால் நிறுத்தம், 6 என்றால் மறுதொடக்கம். குறிப்புகள் யாவும் சாதாரண எழுத்தில் உள்ளவை. திறந்து படித்தால் புரியும்.

குறையும் உண்டு. ஒருவர் பணி முடியும் வரை அடுத்தவர் காத்து நிற்க வேண்டும். எழுப்பப்பட்டவர் நடுவில் சோர்ந்து விழுந்தால் பெரியவருக்குத் தெரிவதில்லை. விசையூட்டிய பின் செருகப்படும் பென் டிரைவ், வந்து வந்து போகும் வலைத்தொடர்பு ஆகிய இக்காலத்து வழக்கங்களை அந்தப் பழைய வரிசைமுறை எதிர்பார்க்கவுமில்லை. இக்குறைகளை நீக்க 2006-இல் உபுண்டு அப்ஸ்டார்ட் என்னும் முறையைக் கொணர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் 2005-இலேயே தன் பொறிகளுக்கு லாஞ்ச்டி என்னும் முறையை அமைத்திருந்தது.

2010-இல் லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் என்னும் இருவர் சிஸ்டம்டி என்னும் புதிய முறையை வெளியிட்டனர். இது பலரையும் ஒரே வேளையில் எழுப்பும். ஒருவர் முழுதும் ஆயத்தமாகும் முன்னரே அவருக்கு வரும் வேண்டுகோள்களை வாங்கி வைத்துக்கொள்ளும். பந்தியில் இலை போடும்போதே அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருப்பது போல. எந்த நிரல் எந்தப் பணியைச் சேர்ந்தது என்பதைக் கெர்னலின் துணையோடு கணக்கு வைத்துக்கொள்ளும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தும். 2011-இல் ஃபெடோரா இதனை ஏற்றது. டெபியனும் உபுண்டுவும் 2015 ஏப்ரலில் வெளியிட்ட பதிப்புகளில் இதனையே முதலிடத்தில் அமர்த்தின.

ஏற்றதோ எளிதாக நிகழவில்லை. சிஸ்டம்டி எழுப்பும் பணியோடு நில்லாமல், குறிப்பேடு எழுதுவது, யார் உள்ளே வந்தார் என்று பார்ப்பது, நேரங்குறித்த வேலைகளை நடத்துவது எனப் பல பொறுப்புகளையும் மேற்கொண்டது. ஒரு நிரல் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது யூனிக்ஸ் மரபு; அம்மரபு இதனால் சிதைகிறது என்று பலர் குறை கூறினர். அதன் குறிப்பேடு சாதாரண எழுத்தில் இல்லை. அதனைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும் என்பதும் ஒரு குறை. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு இதனைப் பற்றி வாக்கெடுத்தபோது எண்மரும் நால்வர் நால்வராகப் பிரிந்தனர். தலைவரின் தீர்மான வாக்கினால்தான் சிஸ்டம்டி வென்றது. மனம் ஒப்பாத சிலர் அவ்வாண்டு நவம்பரில் பிரிந்து சென்று டெவுவான் என்னும் தனிக் குடும்பத்தைத் தொடங்கினர். அதன் முதல் நிலைப்பதிப்பு 2017 மே மாதத்தில் வந்தது. 2019 டிசம்பரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, சிஸ்டம்டியே முதன்மை, மாற்று முறைகளை ஆராய்வோருக்கும் இடமுண்டு என்று முடிவு செய்தனர்.

இந்த வழக்கைப் படித்த பையன், “அந்த ஏவற்குறிப்புகளை என் கண்ணால் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், மாமா” என்றான். இதில் குற்றம் காண என்னால் இயலவில்லை.

படிக்காத பட்டியல்

அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

டெபியனில் நிரல்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதி இன்னொன்றைச் சார்ந்திருக்கும். நாம் ஒரு பொதியை நிறுவச் சொன்னால், பொதிகளை ஆளும் கருவி அதனோடு சேர்ந்து வரவேண்டியவை எவை, ஒவ்வாமையால் நீங்க வேண்டியவை எவை என்று பட்டியலிட்டு, “தொடரலாமா?” என்று கேட்கும்.

பையன் சிஸ்வி-இனிட் பொதியை மட்டும் கேட்டான். எண் ஒன்றின் இடத்தில் இருவர் அமர முடியாதன்றோ? ஆகவே சிஸ்டம்டிக்கு அந்த இடத்தைத் தரும் பொதி நீங்க வேண்டியதாயிற்று. அதனைச் சார்ந்து, உள்ளே வருவோரைக் கவனிக்கும் பொதியும் நீங்கிற்று. அதனை நம்பியிருந்த வண்ணத்திரைப் பொதிகள் பலவும், வலைத்தொடர்பை ஆளும் பொதியும் பின்னாலேயே சென்றன. பெரியவர் வண்டியேறினார், அவரை நம்பி வந்த சமையற்காரரும் நாயனக்காரரும் அதே வண்டியில் ஏறிவிட்டனர்.

கருவி இவற்றையெல்லாம் பட்டியலிட்டுத்தான் கேட்டது. பட்டியல் நீளமாக இருந்தது. இரவு பதினொரு மணி. பையன் ‘ஆம்’ என்று விசையை அழுத்திவிட்டான்.

மறுதொடக்கம் செய்ததும் சிஸ்வி-இனிட் தன் கடமையைச் செவ்வனே செய்தது. எழுப்ப வேண்டியவர் எவரும் வீட்டில் இல்லை; அவ்வளவே. வண்ணத்திரை இன்றிக் கறுப்புத் திரையில் ‘உள்நுழைக’ என்னும் எழுத்து நின்றது. வலைத்தொடர்பும் போயினமையால் போனவர்களைத் திரும்ப அழைக்க வழியில்லாமற் போயிற்று. பையன் அஞ்சினான்; தந்தையிடம் சொல்ல மேலும் அஞ்சினான்; மூன்று நாள் கடந்தது.

“பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுப் பார்த்தாயா?”

“பார்க்கவில்லை மாமா. பொறி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.”

அவனையே இடச் சொன்னேன். பொறி அவனை உள்ளே விட்டது. அடைவின் பெயரைச் சொல்லி, அதில் உள்ளவற்றைக் காட்டுமாறு கட்டளையிடச் சொன்னேன். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின. எண்ணிப் பார்த்தான், 112 படங்களும் இருந்தன.

வேறெதையும் தொடுவதற்கு முன் அவற்றைப் பென் டிரைவில் படியெடுக்கச் செய்தேன். நான் கொண்டுபோயிருந்த மடிக்கணினியில் அதனைச் செருகி ஒரு படத்தைத் திறந்தேன். நீல நிற உள்நாட்டுக் கடிதம், சாய்ந்த கையெழுத்து, மேலே பிள்ளையார் சுழி. தந்தையார் எப்போது உள்ளறையிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். கடிதம் முடிந்ததும், “அடுத்ததைத் திற” என்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மகனிடம் சொன்னார்.

மீண்ட வழி

பிறகு நடந்தது எளிய வேலை. கைப்பேசியைக் கம்பி வழியாகப் பொறியோடு இணைத்து, அதன் வலைத்தொடர்பைப் பொறிக்குக் கொடுத்தோம். பொதிகளை ஆளும் கருவி, தான் செய்தவை அனைத்தையும் நாளும் நேரமும் இட்டு ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்கும். இதனைப் பலர் அறியார். அந்த ஏட்டைத் திறந்து, அன்றிரவு நீங்கிய பொதிகளின் பெயர்களைப் பையனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். அன்று படிக்காமல் விட்ட பட்டியலை அவன் அப்போதுதான் படித்தான்.

“இப்போதே சரியான முறையில் சிஸ்வி-இனிட்டுக்கு மாற்றிவிடட்டுமா, மாமா? எது தவறு என்று தெரிந்துவிட்டது” என்றான்.

“தம்பி, இந்தப் பொறியை யார் யார் பயன்படுத்துகிறார்கள்?”

“அப்பா வங்கிக் கணக்குப் பார்ப்பார். அம்மா ஊருக்குப் பேசுவார். தங்கை பாடம் படிப்பாள்.”

“நீ விடுதிக்குப் போன நாளில் ஒன்று நின்றுபோனால் அதனை யார் எழுப்புவார்?”

அவன் விடை சொல்லவில்லை. பழைய முறைக்கே திருப்பினான். நீங்கிய பொதிகளை ஏட்டின்படி மீண்டும் நிறுவினான். நண்பகலுக்குள் வண்ணத்திரை வந்தது. ஒவ்வொருவருடைய அமைப்பும் முன்போலவே இருந்தது.

அவன் ஆசையை அங்கேயே புதைத்துவிட எனக்கு மனமில்லை. என் வீட்டுப் பரணில் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். “இது உன்னுடையது. இதில் நூறு முறை இனிட்டை மாற்று” என்றேன்.

இரண்டாம் முயற்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். இம்முறை முதலில் பொதிக் கருவியிடம், செய்யாமலே செய்வது போல் காட்டச் சொன்னான். அந்த வசதி அதில் உண்டு. என்ன வரும், என்ன போகும் என்பதைச் சொல்லிவிட்டு எதையும் தொடாமல் விட்டுவிடும். பட்டியல் முழுவதையும் தாளில் எழுதினான். சிஸ்வி-இனிட்டோடு ஈலாகைண்ட் என்னும் பொதியையும் அதன் துணைப்பொதியையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கேட்டான். உள்ளே வருவோரைக் கவனிக்கும் உறுப்பைச் சிஸ்டம்டியிலிருந்து தனியே பிரித்தெடுத்து ஆக்கியது அது. அதனைச் சேர்த்ததும் நீங்கும் பட்டியல் சில வரிகளாகக் குறுகியது. பல பொதிகள் பழைய ஏவற்குறிப்புகளைத் தம்மோடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டன. அவ்வாறு அநாதையான குறிப்புகளைத் திரட்டித் தரும் பொதியொன்றும் டெபியனில் உண்டு. அதனையும் சேர்த்துக்கொண்டான்.

மறுதொடக்கம் செய்தான். வண்ணத்திரை வந்தது, ஒலி வந்தது, வலைத்தொடர்பு வந்தது. எண் ஒன்று யார் என்று கேட்டுப் பார்த்தான். சிஸ்டம்டியின் பெயர் அங்கே இல்லை. அவன் முகத்தில் அன்றுதான் ஒளியைக் கண்டேன். ஏவற்குறிப்புகள் உள்ள அடைவைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினான். மாலை வரை எழவில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. முதற்சோதனைக்குப் பின் பையன் நல்ல பழக்கம் ஒன்றைக் கைக்கொண்டிருந்தான். தாத்தாவின் கடிதங்களின் படியொன்றைப் பழைய மடிக்கணினியிலும் வைத்து, நாள்தோறும் இரவில் அவற்றைப் பென் டிரைவுக்குத் தானாகவே படியெடுக்குமாறு அமைத்திருந்தான். இனிட்டை மாற்றிய மூன்றாம் நாள் பென் டிரைவைப் பார்த்தான். மூன்று இரவுகளாகப் படியெடுப்பு நடக்கவேயில்லை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. காரணம் யாதெனில், நேரங்குறித்து அந்த வேலையை நடத்திவந்தது சிஸ்டம்டியின் உறுப்பு ஒன்று. பெரியவர் போனதும், அவர் சத்தமின்றிப் பார்த்துவந்த அந்தச் சிறு வேலையும் நின்றுவிட்டது. யூனிக்ஸ் காலத்திலிருந்தே வரும் கிரான் என்னும் நிரலிடம் அந்த வேலையை ஒப்படைத்த பிறகே அது மீண்டும் நடந்தது.

இரண்டு தவறுகளில் இதுவே பெரிது என்று நான் கருதுகின்றேன். கறுப்புத் திரை எல்லோர் கண்ணிலும் படும். மூன்று நாளில் எனக்குக் கடிதம் வந்துவிட்டது. ஓசையின்றி நின்றுபோன வேலை, தேவை வரும் நாளில்தான் தெரியும். அன்று தெரிந்து பயனில்லை.

மாற்றக் கருதுவோருக்கு

இதே ஆசை நம் இளைஞர்களில் இன்னும் சிலருக்கு இருக்கக்கூடும். அவர்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, ஏன் மாற்றுகிறோம் என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அறிந்துகொள்வதற்காக என்றால் அது நல்ல காரணம். பழைய பொறி புதிதுபோல் விரையும் என்பதற்காக என்றால் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டுப் பொறியில் நினைவகத்தைப் பெரிதும் உண்பவை வலை உலாவியும் வண்ணத்திரையுமே. இனிட்டை மாற்றுவதால் அவற்றின் பசி குறையாது. யாரோ இருவர் பூசலில் ஒரு பக்கம் நிற்பதற்காக என்றால், உங்கள் வீட்டுப் பொறியை அந்தப் பூசலில் இழுத்துவிட வேண்டா.

இரண்டாவது, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து, அந்தப் படியைத் திறந்து பார்த்த பின்னரே தொடங்குங்கள். திறந்து பார்க்காத படி, படியாகாது.

மூன்றாவது, தன்னிலேயே இயங்கும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றும், வலைத்தொடர்புக்குக் கம்பி ஒன்றும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்த பின்பே புறப்பட வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதனை ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை. புது வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று பாராமல் பழைய வீட்டின் சாவியை நம்மில் எவர் கொடுத்திருக்கிறோம்?

நான்காவது, நீங்கும் பொதிகளின் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். நீளமாக இருந்தால் ‘இல்லை’ என்று சொல்லி எழுந்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஐந்தாவது, மாற்றிய பின் ஒரு வாரம் வரை, தானாக நடந்துவந்த வேலைகள் நடக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சிஸ்டம்டி வேண்டா என்பதில் உறுதியாக இருப்போர், இருக்கும் வீட்டின் தூணைப் பெயர்ப்பதைவிட, வேறு தூணால் எழுப்பப்பட்ட வீட்டுக்குக் குடிபோவதே மேல். டெவுவான், ஸ்லாக்வேர், ஓப்பன்ஆர்சி முறையைக் கொண்ட ஆல்பைன், ரன்இட் முறையைக் கொண்ட வாய்டு ஆகியவை அத்தகையவை. அங்கே பொதித் தொகுப்பு அந்தந்த முறையோடு இயங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உரிமை இருக்கிறது என்பதால் எதனையும் எவ்விடத்திலும் மாற்றிவிடலாம் என்று ஆகாது. தனக்கென இருக்கும் பொறியில் எதனை வேண்டுமானாலும் மாற்றலாம். நால்வர் பயன்படுத்தும் பொறியில், நால்வரிடமும் சொல்லி, நால்வருக்கும் வரக்கூடிய இன்னலைத் தான் ஏற்கும் ஆற்றல் உண்டானால் மாற்றலாம். பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை எதையோ கெடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். அவன் அஞ்சி ஒளித்த மூன்று நாளில் கெட்டது பொறியன்று. அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் கடிதங்களைக் கண்டிருக்கலாம்.

சென்ற வாரம் அந்த அம்மையாரிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. கடிதங்களின் படியொன்று கும்பகோணத்தில் உள்ள கொழுந்தனாருக்கு அனுப்பப்பட்டதாம். இன்னொன்று வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். இரவு உணவுக்குப் பின் தந்தையும் மகனும் நாளைக்கு ஒரு கடிதமாகப் படித்து வருகிறார்களாம். மங்கிய எழுத்து வந்தால் தந்தை சொல்ல, மகன் தட்டச்சு செய்கிறானாம். “இப்போது நாற்பதாவது கடிதத்தில் இருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

கடிதங்கள் போய்விட்டனவா என்று வினவிய சகோதரியாருக்கு இதுவே என் விடையாகட்டும்.

அடுத்த திங்கள், பழைய தாள்களை வெயிலும் தூசும் மிக்க தில்லியில் எவ்வாறு படமெடுத்துக் காப்பது என்பதைப் பற்றி எழுதுவேன். அன்பர்கள் தம் அனுபவங்களை எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.